சூடானதும் லிஃப்ட் மெதுவாக ஏறுகிறது, டிப்பர் பாதியில் நிற்கிறது: பம்ப்தான் காரணமா?

பாகூர் ஏரிக்கரை:

எல்லாருக்கும் வணக்கம். 45 எச்பி டிராக்டர், எட்டு வருஷ வண்டி. காலையில் ஒன்பது கொழு கல்டிவேட்டரை லிவரைத் தொட்டதும் தூக்குகிறது. ஒரு மணி நேரம் உழுத பிறகு பார்த்தால் தயங்கித் தயங்கித்தான் ஏறுகிறது. ஏறும்போது கூவுகிற மாதிரி ஒரு சத்தம், ஆக்சிலேட்டரைக் கொடுத்தால் சத்தமும் கூடுகிறது. ஆனால் ஒன்று, தூக்கிய பிறகு எஞ்சினை அணைத்துவிட்டு டீ குடித்து வந்தாலும் கல்டிவேட்டர் அதே உயரத்தில் நிற்கிறது, இறங்குவதில்லை.

டிப்பர் மாட்டினால் இன்னும் மோசம். எரு ஏற்றிப் போய்க் கொட்டும்போது தொட்டி பாதியில் நின்றுவிடுகிறது. பின்பக்கம் ஆள் நின்று மண்வெட்டியால் இழுத்துத் தள்ள வேண்டியிருக்கிறது.

2024 பெஞ்சல் புயலுக்குப் பிறகு தென்பெண்ணையில் வெள்ளம் வந்ததே, அப்போது வண்டி அச்சு முழுகத் தண்ணீரில் நின்றது. வடிந்ததும் ஆயிலை மாற்றிவிட்டோம், அதற்கப்புறம் நன்றாகத்தான் ஓடியது. உள்ளூர் மெக்கானிக் வந்து பார்த்து, பம்ப் போச்சு, புதுசு போட வேண்டும் என்கிறார். விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. சம்பா சேறடிப்புக்கு முன்னால் வண்டி தயாராக வேண்டும். பம்ப்தானா, வேறு ஏதாவதா?

நெல்லிக்குப்பம் கரும்பு:

எங்கள் வண்டியும் இப்படித்தான் பண்ணியது. அழுத்தம் அளவு மீறாமல் ஆயிலைத் திருப்பிவிடுகிற ரிலீஃப் வால்வை ஒரு சுற்று இறுக்கினோம், ஏறியது. அதைச் செய்து பாருங்கள், காசு செலவில்லை.

வடலூர் பட்டறை:

தம்பி, முதலில் ரிலீஃப் வால்வில் கை வைக்காதீர்கள். அழுத்தம் காட்டுகிற கேஜ் மாட்டாமல் அதை இறுக்குவது கண்ணைக் கட்டிக்கொண்டு செய்கிற வேலை. எந்த வண்டிக்கு எத்தனை பார் அழுத்தம் என்று கம்பெனி மேனுவலில் இருக்கும். அதைத் தாண்டினால் ஹோஸ் வெடிக்கும், இல்லையென்றால் பம்ப் உடம்பு விரிசல் விடும். நெல்லிக்குப்பம் அண்ணன் வண்டிக்கு அது பலித்திருக்கலாம், ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் பலிக்கும். உங்கள் வண்டியின் குணம் அது இல்லை.

ஏன் என்று சொல்கிறேன். ஹைட்ராலிக்கில் வேகம் வேறு, பலம் வேறு. எவ்வளவு ஆயில் போகிறது என்பதைப் பொறுத்து வேகம், எவ்வளவு அழுத்தம் கிடைக்கிறது என்பதைப் பொறுத்து பலம். வெறும் ஆர்ம் சட்டென்று ஏறி, பாரம் மாட்டினால் மட்டும் முக்கினால் அழுத்தக் குறை. அப்போது ரிலீஃப் வால்வைச் சந்தேகப்படலாம். ஒன்றும் மாட்டாமலே மெதுவாக ஏறினால் ஆயில் வரத்தே குறைவு. அது பம்ப்பாக இருக்கலாம், அல்லது பம்ப்புக்கு வருகிற வழியில் ஏதோ இருக்கலாம்.

தூக்குவதும் பிடித்து நிற்பதும் அதே மாதிரி இரண்டு வேலை. தூக்குவது பம்ப் பக்கத்து வேலை. தூக்கிய பிறகு நிறுத்தி வைப்பது சிலிண்டரும் கண்ட்ரோல் வால்வும். எஞ்சின் அணைந்த பிறகும் கல்டிவேட்டர் இறங்கவில்லை என்கிறீர்கள். அப்படியென்றால் பிஸ்டனின் ரப்பர் வளையமான ஓ-ரிங், வால்வு எல்லாம் நல்லபடி இருக்கின்றன. லிஃப்ட் கவரைக் கழற்றலாம் என்று யாராவது கிளம்பினால் தடுத்துவிடுங்கள். பாதி செலவு அங்கேயே மிச்சம்.

இனி சூடு. காலையில் சரி, சூடானால் தகராறு என்றதும் எல்லாரும் பம்ப் தேய்ந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். அதில் நியாயமும் உண்டு. சூட்டில் ஆயில் நீர்த்துப் போகும், தேய்ந்த பம்ப்புக்குள் அது பின்னாலேயே கசிந்துவிடும். ஆனால் இதே குணத்தைக் காட்டுகிற இன்னொரு கோளாறு இருக்கிறது. பம்ப் ஆயிலோடு காற்றையும் சேர்த்து இழுத்தால், ஓட ஓட நுரை கூடிக்கொண்டே போகும். ராத்திரி வண்டி நிற்கும்போது நுரை அடங்கிவிடும், காலையில் வண்டி நல்ல பிள்ளை. மறுபடி ஒரு மணி நேரத்தில் பழைய கதை. நீங்கள் சொல்கிற கூவல் சத்தம் எனக்கு இந்தப் பக்கம்தான் காட்டுகிறது.

இரண்டையும் பிரிக்க ஒரே வழி, தகராறு செய்கிற நேரத்திலேயே ஆயிலைப் பார்ப்பது. ஆறிய பிறகு பார்த்துப் பிரயோசனம் இல்லை. லிஃப்ட் மெதுவானதும் கல்டிவேட்டரைத் தரையில் இறக்கி, எஞ்சினை அணைத்து, உடனே டிப் ஸ்டிக்கை எடுங்கள். ஆயில் தெளிவாக, சூடாக இருந்தால் பம்ப் பக்கம் பேசலாம். வெள்ளையாக, குமிழ் குமிழாக இருந்தால் கொஞ்சம் எடுத்துக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றி நிழலில் வையுங்கள். நுரையென்றால் சிறிது நேரத்தில் அடியிலிருந்து தெளிந்து வரும். தண்ணீர் என்றால் மறுநாளும் மோர் மாதிரியே கிடக்கும், இல்லாவிட்டால் தண்ணீர் தனியாக அடியில் தங்கும். வெள்ளத்தில் நின்ற வண்டி என்பதால் இதை அவசியம் பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால் சூடான தகரத்தில் ஒரு சொட்டு விடுங்கள், தண்ணீர் கலந்திருந்தால் படபடவென்று பொரியும். ஒரு சொட்டுதான், முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு. வீட்டுத் தோசைக்கல்லை எடுக்க வேண்டாம், அதற்கு வரும் சண்டையை நான் தீர்க்க முடியாது.

டிப்பர் விஷயம் தனி. தொட்டியைத் தூக்குகிற ஆயிலும் உங்கள் டிராக்டரில் ஆயில் நிற்கிற பெட்டியான ஹவுசிங்கிலிருந்துதானே போகிறது? 10 செ.மீ. விட்டமுள்ள ஜாக்கி 1 மீட்டர் நீண்டால் அதற்குள் ஏறத்தாழ 7.85 லிட்டர் போய் உட்கார்ந்துவிடும். ஹவுசிங்கில் மட்டம் ஏற்கெனவே குறைவாக இருந்தால், தொட்டி பாதி ஏறும்போதே, பம்ப் ஆயிலை இழுக்கிற சக்ஷன் வாய் வெளியே தெரிந்து காற்றை இழுக்கும். அப்புறம் எப்படி ஏறும்?

தொட்டி பாதியில் நிற்கும்போது பின்னால் ஆள் விடாதீர்கள். தடைக்கட்டை போடாமல் தொட்டிக்கு அடியில் தலையை நீட்டவும் கூடாது.

பம்ப் எஞ்சின் ஓரமாக வெளியே இருக்கிறதா, உள்ளே இருக்கிறதா? அதையும் எழுதுங்கள்.

பாகூர் ஏரிக்கரை:

ரொம்ப நன்றி அண்ணே. பம்ப் வெளியேதான், எஞ்சின் ஓரத்தில். பின்னால் ஹவுசிங்கிலிருந்து ஒரு குழாய் அதற்கு வருகிறது.

சொன்னபடி உழவை நடுவில் நிறுத்திப் பார்த்தேன். டிப் ஸ்டிக் முழுக்க வெள்ளை நுரை. பாட்டிலில் பிடித்து வைத்தது சாப்பிட்டு வருவதற்குள் தெளிந்துவிட்டது. மறுநாள் காலையிலும் அடியில் தண்ணீர் எதுவும் தங்கவில்லை, தகரத்திலும் பொரியவில்லை. ஆறிய பிறகு மட்டம் பார்த்தால் கீழ்க்கோட்டுக்கும் கொஞ்சம் கீழே. மேல்கோடு வரை ஊற்றினேன். டிப்பர் இப்போது முழுசாக ஏறுகிறது! ஆனால் கல்டிவேட்டர் சூட்டில் மெதுவாவதும் சத்தமும் அப்படியே இருக்கின்றன.

இந்த டிப்பர் லைன் போன வருஷம்தான் வெளியே கொடுத்துப் போட்டது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்குமா?

சிப்காட் ஃபோர்க்லிஃப்ட்:

கடலூர் சிப்காட்டில் ஃபோர்க்லிஃப்ட் பராமரிப்பில் இருக்கிறேன். டிராக்டர் எனக்குப் பழக்கம் இல்லை, ஆனால் ஹைட்ராலிக் எல்லாம் ஒரே ஜாதி. கசிவு தேடப் போகிறீர்கள் என்பதால் ஒன்று சொல்லிவிடுகிறேன். பம்ப்பிலிருந்து வெளியேறுகிற பக்கத்து ஹோஸில் கையை வைத்துத் தடவிப் பார்க்காதீர்கள். ஊசித்துளை வழியே பீய்ச்சுகிற ஆயில் கண்ணுக்கே தெரியாது, தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஒரு சின்னப் புள்ளிதான் இருக்கும், பெரிதாக வலிக்காது. ஆனால் உள்ளே சதை அழுகி விரலையே எடுக்கும்படி ஆகலாம். அப்படி நடந்தால் மஞ்சளை வைத்துக் கட்டிக்கொண்டு படுக்காமல் நேராக ஜிப்மர் மாதிரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், ஹைட்ராலிக் ஆயில் அழுத்தத்தோடு உள்ளே போய்விட்டது என்று சொல்ல வேண்டும். கசிவு பார்க்க அட்டைத் துண்டு போதும். ஹோஸ் ஓரமாக அட்டையை நகர்த்தினால் ஆயில் அதில் படும்.

வடலூர் பட்டறை:

சிப்காட் தம்பி சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

பாகூர் தம்பி, நீங்கள் தேட வேண்டியது சக்ஷன் பக்கம். அங்கே ஆயில் வெளியே ஒழுகாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால் தரையில் சொட்டு இல்லை என்பதை வைத்து இணைப்பு நன்றாக இருக்கிறது என்று நினைக்கக் கூடாது. வண்டியை ஆக்சிலேட்டரில் ஓடவிட்டு, பின்னாலிருந்து வருகிற அந்தக் குழாயின் இரண்டு முனை இணைப்பிலும் ஒவ்வொன்றாகக் கெட்டி கிரீஸைச் சுற்றி அப்புங்கள். ஃபேன், பெல்ட் பக்கம் கையும் லுங்கியும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எந்த இணைப்பில் அப்பும்போது கூவல் அடங்குகிறதோ, காற்று புகுகிற இடம் அதுதான்.

அதோடு சக்ஷன் வழியில் இருக்கிற வடிகட்டியான ஸ்ட்ரெய்னரையும் கழற்றிப் பாருங்கள். அடைத்த ஸ்ட்ரெய்னரும் கூவும். ஆனால் அது குளிர்ந்த கெட்டி ஆயிலில்தான் அதிகம் கூவும், சூடானால் குறையும். உங்களுக்குத் தலைகீழ். இருந்தாலும் குழாயைக் கழற்றும்போது அதையும் சேர்த்துப் பார்ப்பதில் கூடுதல் வேலை இல்லை.

டிப்பர் லைனுக்குச் சம்பந்தம் இருக்கலாம். போட்டவர் நிப்பிளில் டெஃப்ளான் டேப்பைச் சுற்றியிருந்தால், திருகும்போது கிழிகிற துணுக்கெல்லாம் ஆயில் திரும்புகிற ரிட்டர்ன் வழியாக ஹவுசிங்குக்குள்தான் வரும். தண்ணீர்க் குழாய்க்குப் போடுகிற டேப்பை ஹைட்ராலிக்கில் போடுவது நம் பக்கத்தில் வழக்கமாகிவிட்டது, எத்தனை சொன்னாலும் கேட்பதில்லை.

பாகூர் ஏரிக்கரை:

கண்டுபிடித்தாயிற்று! பம்ப் பக்கத்து முனையில் கிரீஸ் அப்பியதும் சத்தம் பாதியாகக் குறைந்தது. கழற்றினால் ஓ-ரிங் தட்டையாகி, ஒரு பக்கம் வெட்டுப்பட்டு, நகத்தால் கீறினால் பிளாஸ்டிக் மாதிரி கெட்டியாக இருந்தது. பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு கடலூர் போய் அதே அளவில் புதுசு வாங்கிப் போட்டேன். ஸ்ட்ரெய்னரில் அண்ணன் சொன்ன மாதிரியே வெள்ளை டேப் துணுக்குகள், கொஞ்சம் கரிமண். டீசலில் கழுவிக் காற்றடித்து மாட்டினேன்.

நேற்று மதியம் வரை உழுதேன். சூட்டிலும் காலையில் ஏறுகிற வேகம்தான். நுரையும் இல்லை. பம்ப்புக்கு வைத்திருந்த பணம் நடவுக்கு ஆயிற்று.

ஒரே ஒரு சந்தேகம். சேறடிப்பு முடிந்ததும் ஆயிலை மொத்தமாக மாற்றலாமா? பக்கத்து வீட்டில் 90 ஆயில் (கெட்டியான கியர் ஆயில்) மலிவாக இருக்கிறது, அதை ஊற்று என்கிறார்கள்.

நெல்லிக்குப்பம் கரும்பு:

நானும் இன்று டிப் ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தேன். எங்கள் வண்டியிலும் நுரை. ரிலீஃப் வால்வைப் பழையபடி வைக்க கேஜ் யாரிடம் கிடைக்கும்?

வடலூர் பட்டறை:

அண்ணே, வால்வைத் தொடாமல் முதலில் சக்ஷன் இணைப்பைப் பாருங்கள். நுரை நின்ற பிறகு கேஜோடு சரி செய்துகொள்ளலாம். பெரிய டிராக்டர் சர்வீஸ் பட்டறையில் கேஜ் இருக்கும், மாட்டிப் பார்க்கப் பெரிதாக ஒன்றும் கேட்க மாட்டார்கள்.

பாகூர் தம்பி, சேறடிப்பு முடிந்து மாற்றுவது நல்ல யோசனை. சேற்றில் அச்சு முழுக ஓடுகிற வண்டிக்கு சீல் வழியாகத் தண்ணீர் புகும், முன்னால் மாற்றினால் வீண். 90 வேண்டாம். உங்கள் வண்டியில் கியர், ஹைட்ராலிக், ஆயிலில் முழுகிய பிரேக் எல்லாம் ஒரே ஹவுசிங் என்றால் மூன்றுக்கும் பொருந்துகிற டிராக்டர் ஆயில்தான் ஊற்ற வேண்டும். வேறு ஊற்றினால் பிரேக் கத்தும். மேனுவலில் போட்டிருக்கிற தரத்தைப் பார்த்து 20 லிட்டர் பக்கெட்டாக வாங்குங்கள், கம்பெனி எதுவானாலும் பரவாயில்லை.

வடிக்கும் முன் வண்டியை ஓட்டிச் சூடாக்கி, லிஃப்ட் ஆர்மை முழுக்கக் கீழே இறக்கிவிடுங்கள், டிப்பர் மாட்டியிருந்தால் தொட்டியையும். தூக்கிய நிலையில் வடித்தால் சிலிண்டருக்குள் இருக்கிற பழைய ஆயில் அங்கேயே நின்று, பிறகு புதுசோடு கலந்துவிடும். டிப்பர் ஜாக்கிக்குள் எப்படியும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். முதல் முறை தூக்கி இறக்கிய பிறகு, தொட்டி கீழே இருக்கும்போது மட்டம் பார்த்து ஊற்றுங்கள். தூக்கி வைத்துக்கொண்டு மேல்கோடு வரை ஊற்றினால், இறக்கும்போது காற்றுப் போகிற துளையான பிரீதர் வழியாக ஆயில் வழியும்.