பொருள்: ‘க்ரோகி’ – மயக்கமா, மந்தமா, மப்பா?

அன்புடையீர்,

‘க்ரோகி’ (groggy) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நம் கலைச்சொல் பட்டியலில் தமிழ் தேடிக்கொண்டிருக்கிறோம். ஆங்கிலம் கற்கும் சீன மாணவர்களுக்கான அகராதிகளில் ‘க்ரோகி’க்கு நேராக ‘ஹுன்ஹுன் ச்சன்ச்சன்’ என்று போடுகிறார்கள். ஹுன் என்றால் நினைவு மங்குவது, ச்சன் என்றால் கனத்து அமிழ்வது. அடுக்குத்தொடரிலேயே தலை கனக்கிறது!

நம் பட்டியலில் மயக்கம், மந்தம் இரண்டும் வந்திருக்கின்றன. இரண்டும் ஒட்டவில்லை. மயக்க மருந்து கொடுத்து அறுவை முடிந்து, கண் விழித்தும் பேச்சு குழறுகிற நேரத்தைத்தானே க்ரோகி என்கிறார்கள்? அதையும் மயக்கம் என்றால் நோயாளி விழித்தாரா இல்லையா என்பதே புரியாது. மந்தம் என்றாலோ வீட்டில் சுக்குக் கஷாயம் வைத்துவிடுவார்கள்.

> மப்பு என்றே வைக்கலாமே ஐயா? வானத்துக்கும் பொருந்தும், தலைக்கும் பொருந்தும்.

ஆசைதான். ஆங்கிலச் சொல்லும் குடியில் பிறந்ததுதான். 1740-இல் அட்மிரல் எட்வர்ட் வெர்னன் மாலுமிகளின் ரம்மில் தண்ணீர் கலந்து கொடுக்கச் சொன்னார். க்ரோக்ரம் என்ற முரட்டுத் துணியில் அவர் அணிந்த மேலங்கியால் ‘ஓல்ட் க்ரோக்’ என்று அவருக்குப் பட்டப்பெயர். அது அந்தக் கலவைக்கு ஒட்டி, அப்புறம் அதைக் குடித்துத் தள்ளாடியவருக்கும் ஒட்டியது. இன்று ஆங்கிலத்தில் அந்த வாடை போய்விட்டது, மப்பில் போகவில்லை. சளி மாத்திரைச் சீட்டில் ‘மப்பாக இருக்கும்’ என்று அச்சிட்டுப் பாருங்கள், விற்பனை பிய்த்துக்கொண்டு போகும்.

என் பரிந்துரை ‘தெளியா நிலை’. மயக்கம் தெளிந்ததா, போதை தெளிந்ததா, தூக்கம் தெளிந்ததா என்று எல்லாவற்றுக்கும் இந்த ஒரு வினைதான் நம்மிடம் புழங்குகிறது. சீனத்திலும் இதன் எதிர்ப்பதம் ‘ச்சிங்ஷிங்’. ச்சிங் என்பது தெளிந்த நீர். ஷிங் என்ற எழுத்தின் இடப்பக்கம் ஒரு மதுச்சாடி இருக்கிறது, அதன் பழைய பொருளே போதை தெளிவது.

> பெயர்ச்சொல் சரி. க்ரோகி பெயரடை ஆயிற்றே? ‘நான் தெளியா நிலையாக இருக்கிறேன்’ என்று யார் சொல்வார்கள்?

யாரும் சொல்ல மாட்டார்கள், சொல்லவும் வேண்டாம். தமிழில் இந்த இடத்தில் வினையெச்சம்தான் வரும்: ‘இரவு இந்த மாத்திரை போட்டால் காலையில் தலை தெளியாமல் இருக்கலாம், வண்டி ஓட்ட வேண்டாம்.’ கலைச்சொல் பட்டியலுக்குத் தெளியா நிலை, மருந்துச் சீட்டுக்குத் தலை தெளியாமல். மாதக்கணக்கில் நீடிக்கும் மூளை மூட்டத்தை (brain fog) இதில் சேர்க்காதீர்கள், அதற்குத் தனி இழை தொடங்கலாம்.