பூனைக்குச் சர்க்கரை நோய்: எந்த டாக்டர் சரியானவர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வைகைக்கரை கேட்கிறார்:

வணக்கம். 9 வயது ஆண் பூனை, கருத்தடை ஆனது. 6.4 கிலோ இருந்தவன் இப்போது 5.1. சாப்பாடு குறையவில்லை, ஆனால் தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு நகர்வதில்லை. மணல் தட்டில் மூத்திரக் கட்டிகள் முன்பைவிட இரண்டு மடங்கு பெரிசு. சில நாட்களாகப் பின்னங்கால் குதிகால் தரையில் படிய நடக்கிறான். ரத்த சுகர் 342. சிறுநீரில் சர்க்கரை இருக்கிறது, கீட்டோன் இல்லை.

ஒரு டாக்டர் 30/70 கலப்பு இன்சுலின், காலையில் மட்டும் 4 யூனிட் போடுங்கள், வாரம் ஒருநாள் கிளினிக்கில் சுகர் பார்க்கலாம் என்கிறார். இன்னொருவர் ஊசியே வேண்டாம், மாத்திரை போதும் என்கிறார். இருவருமே அன்பாகத்தான் பார்க்கிறார்கள். நாங்கள் இருப்பது மதுரையில். எதை வைத்து ஒருவரைத் தேர்ந்தெடுப்பது? சென்னைக்கே போக வேண்டுமா?

மெடிசின்காரர் (கால்நடை மருத்துவர்):

கீட்டோன் (இன்சுலின் போதாமல் உடம்பு கொழுப்பை எரிக்கும்போது சேரும் பொருள், ஏறினால் உயிருக்கு ஆபத்து) இல்லாததால் ஓரிரு நாள் எடுத்துச் சரியான ஆளைப் பிடிக்கலாம். அதற்கு மேல் தள்ளிப்போடாதீர்கள். சாப்பிட மறுத்தாலோ வாந்தி எடுத்தாலோ அப்போதே அருகில் இருப்பவரிடம் ஓடுங்கள், தேர்வெல்லாம் அப்புறம்.

342 என்ற எண்ணை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. நோயே இல்லாத பூனைக்கும் கூண்டு, பயணம், நாய் குரைப்பு என்ற பயத்தில் 300 தாண்டும். உங்களவனுக்கு எடை இழப்பு, குதிகால் நடை, சிறுநீர்ச் சர்க்கரை எல்லாம் சேர்ந்து வந்திருப்பதால் சந்தேகம் குறைவுதான். இருந்தாலும் ஃப்ரக்டோசமைன் பரிசோதனை எழுதுகிறவரைப் பார்த்தால் நம்பிக்கை வரும். கடந்த ஒன்றிரண்டு வாரத்துச் சராசரியை அது காட்டும், அன்றைய பயம் அதில் ஏறாது.

முதல் நாளே அவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அரிப்புக்கோ வாய்ப்புண்ணுக்கோ சமீபத்தில் ஸ்டீராய்டு ஊசி போட்டார்களா? பல வாரம் உடம்பில் நிற்கும் ஸ்டீராய்டு ஊசி பூனைக்குச் சர்க்கரையைக் கிளப்பிவிடும். அதை நிறுத்தி வேறு வழி பார்க்காவிட்டால் இன்சுலின் எவ்வளவு ஏற்றினாலும் பிடிக்காது. வாயைத் திறந்து பல்லையும் ஈறையும் பார்க்க வேண்டும், கிருமி இருக்கிறதா என்று பார்க்கச் சிறுநீரை கல்ச்சருக்கு அனுப்ப வேண்டும், சிறுநீரகம், கணையம் இரண்டையும் கவனிக்க வேண்டும். உள்ளே ஓர் அழற்சி இருந்தால் இன்சுலின் சரியாக வேலை செய்யாது.

இப்போது உங்கள் இரண்டு டாக்டர்கள். பூனையின் உடம்பு இன்சுலினை வேகமாகத் தீர்த்துவிடும். 30/70 கலப்பைக் காலையில் மட்டும் போட்டால் சில மணி நேரம் சுகர் சரிந்து, மீதி நாள் முழுக்க உயர்ந்தே நிற்கும். ஆரம்ப அளவு கிலோவுக்கு 0.25 முதல் 0.5 யூனிட், 12 மணிக்கொரு முறை. பெரும்பாலான பூனைகளுக்கு வேளைக்கு 1 யூனிட்டில் தொடங்குவோம், 2-ஐத் தாண்டித் தொடங்க மாட்டோம். எடுத்த எடுப்பில் 4 யூனிட் ஆபத்து. பூனைக்கு இப்போது பெரும்பாலும் எழுதப்படுவது கிளார்ஜின் என்ற நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலின்.

மாத்திரை விஷயம்: கிளிபிசைடு சில பூனைகளுக்கு மட்டும் கேட்கும், அதுவும் கொஞ்ச காலம். மெட்ஃபார்மின் பூனைக்குப் பயன்படுவதில்லை. 2022 டிசம்பரில் பெக்சாகிளிஃப்ளோசின், 2023-ல் வெலாகிளிஃப்ளோசின் என இரண்டு வாய்வழி மருந்துகளுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அவற்றிலும் சுகர் சாதாரணமாக இருக்கும்போதே கீட்டோன் ஏறிப் பூனை விழும் ஆபத்து உண்டு, அதனால் முன்பரிசோதனையும் நெருக்கமான கண்காணிப்பும் இல்லாமல் கொடுக்கக் கூடாது. எந்த மாத்திரை, ஏன் அது என்று உங்கள் டாக்டர் விளக்கவில்லை என்றால் அங்கே தொடர வேண்டாம்.

நோய் புதிதாகத் தெரிந்தவுடன் சரியான இன்சுலினும் குறைந்த மாவுச்சத்து உணவும் கொடுத்தால் கணிசமான பூனைகள் ஊசியே தேவைப்படாத நிலைக்குத் திரும்பும். முதல் சில மாதங்கள்தான் அதற்கு வாய்ப்பான காலம். இதைத் தெரிந்தவர், எப்போது அளவைக் குறைப்பது என்பதையும் முன்கூட்டியே யோசித்து வைத்திருப்பார்.

காதுநுனி:

வைகைக்கரை, நேரில் போறதுக்கு முன்னாடி போன்லயே பாதி தெரிஞ்சிடும். மூணு கேள்வி கேளுங்க. இப்போ இன்சுலின்ல இருக்கிற பூனை ஏதாவது உங்ககிட்ட வருதா? நான் வீட்டுல சுகர் பார்த்து வாட்ஸ்அப்ல அனுப்பினா அதை வச்சு டோஸ் மாத்துவீங்களா? ராத்திரி பூனை தள்ளாடினா யாரைக் கூப்பிடணும்? ரெண்டாவதுக்கு "அதெல்லாம் வீட்டுல முடியாதுங்க"ன்னு பதில் வந்தா அடுத்த நம்பரைப் பாருங்க. வாரம் ஒருநாள் கிளினிக்ல எடுக்கிற ஒத்தை எண்ணை வச்சு டோஸ் ஏத்தினா, அவர் பூனையோட பயத்துக்குத்தான் மருந்து குடுக்கிறார்.

வீட்டுல பார்க்கிறது கஷ்டமே இல்லை. வெந்நீர்ல நனைச்சுப் பிழிஞ்ச துணியைக் காது மேல அரை நிமிஷம் வைங்க. காது மடலோட வெளி ஓரத்துல மெல்லிசா ஒரு நரம்பு ஓடும். அதுக்கும் ஓரத்துக்கும் நடுவுல, பின்பக்கம் பஞ்சு குடுத்து, லான்செட்டால குத்துங்க. கடுகு அளவு ரத்தம் போதும், ஸ்ட்ரிப்பைக் கிட்ட கொண்டு போனா அதுவே இழுத்துக்கும். குத்தின இடத்தைப் பஞ்சால கொஞ்ச நேரம் அமுக்கிப் பிடிங்க, இல்லைன்னா காது கன்னிப்போகும். உடனே அவனுக்குப் பிடிச்ச கோழித் துண்டு ஒண்ணு. மனுஷங்க மீட்டர் பூனை ரத்தத்துல பெரும்பாலும் கொஞ்சம் கம்மியா காட்டும். அதை டாக்டர்கிட்ட சொல்லிடுங்க, மீட்டரை நடுவுல மாத்தாதீங்க.

ஊசிக்கு முன்னாடி ஒண்ணு, அப்புறம் 2 மணிக்கொண்ணு, 12 மணி நேரம். இதுதான் கர்வ். இதுல கீழ்மட்டம் 80-க்கும் 150-க்கும் நடுவுல இருக்கணும். தோல்ல ஒட்டிக்கிட்டு சுகரைத் தொடர்ந்து காட்டுற லிப்ரே சென்சாரை ஒட்டத் தெரிஞ்ச டாக்டர் கிடைச்சா இன்னும் நல்லது. 14 நாள் வரைக்கும் ஓடும், ஆனா பூனைல பல நேரம் முன்னாடியே கழண்டு விழும். அது ரொம்பக் குறைவா காட்டினா காதுல ஒரு தடவை குத்தி உறுதி பண்ணிக்கோங்க.

மருந்துச்சீட்டு:

மெடிக்கல் கடைப் பக்கத்திலிருந்து ஒரு எச்சரிக்கை, இதில்தான் உயிர் போகிறது. நம் ஊரில் இன்சுலின் 40 வீரியத்திலும் (1 மி.லி.யில் 40 யூனிட்) வருகிறது, 100 வீரியத்திலும் (1 மி.லி.யில் 100 யூனிட்) வருகிறது. சிவப்பு மூடி சிரிஞ்சு 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. கிளார்ஜின் 100 வீரியம். அதைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 1 கோடு இழுத்தால் உள்ளே போவது 2.5 யூனிட். கிளார்ஜினிலேயே 300 வீரியப் பேனாவும் இருக்கிறது, அதிலிருந்து சிரிஞ்சில் இழுக்கவே கூடாது. சீட்டில் மருந்தின் பெயர், வீரியம், சிரிஞ்சின் வகை மூன்றையும் எழுதித் தருகிறாரா என்று பாருங்கள். "இன்சுலின் 1 யூனிட்" என்று மட்டும் எழுதுகிறவரிடம் அங்கேயே கேட்டு எழுதி வாங்குங்கள்.

சிரிஞ்சு 0.3 மி.லி., அரை யூனிட் கோடு போட்டது கேளுங்கள். 1 மி.லி. சிரிஞ்சில் அரை யூனிட்டைக் கண்ணால் பிடிக்க முடியாது. 3 மி.லி. கார்ட்ரிட்ஜ் வாங்கினால் ஒரு பூனைக்கு மலிவு. கிளார்ஜினைக் குலுக்கக் கூடாது, வேறு எதோடும் கலக்கக் கூடாது, ஃப்ரீசருக்கு ஒட்டியும் வைக்கக் கூடாது. கலங்கினால் தூக்கிப் போடுங்கள். திறந்தபின் 28 நாள் என்று பெட்டியில் இருக்கும். ஃப்ரிட்ஜில் வைத்து அதற்கு மேல் பயன்படுத்தலாமா என்பதை டாக்டரே சொல்லட்டும்.

வைகைக்கரை:

மிக்க நன்றி. சாப்பாடு காலையில் தயிர்சாதமும் கருவாடும், மற்ற நேரம் உலர் தீனி. உடனே மாற்றிவிடலாமா?

மெடிசின்காரர்:

மாற்ற வேண்டும், ஆனால் டாக்டருக்குச் சொல்லிவிட்டு. சோறும் பெரும்பாலான உலர் தீனியும் மாவுச்சத்து. அதை நிறுத்தி வெட் ஃபுட்டுக்கு மாறினால் சில நாளிலேயே சுகர் இறங்கும், பழைய டோஸ் அப்படியே இருந்தால் சரிந்து விழும். ஒரு வாரம், பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, அந்த நாட்களில் தினமும் சுகர் பாருங்கள். பட்டினி போட்டு வழிக்குக் கொண்டுவர முயலாதீர்கள், குண்டுப் பூனை சில நாள் சாப்பிடாவிட்டால் ஈரலில் கொழுப்பு படியும். வேகவைத்த கோழி மட்டும் நீண்ட நாளைக்குப் போதாது, கால்சியமும், பூனைக்குக் கட்டாயம் தேவையான டாரின் என்ற சத்தும் குறையும்.

டோஸை 5 முதல் 7 நாளுக்கு ஒரு முறை, அரை யூனிட் கணக்கில்தான் ஏற்ற வேண்டும். தினம் மாற்றச் சொல்கிறவர் வேண்டாம்.

சென்னைக்குப் போயே ஆக வேண்டும் என்றில்லை. அன்றாடம் போனில் கிடைக்கும் மதுரை டாக்டர் ஒருவர்தான் முதல் தேவை. இப்படி மெல்ல ஏற்றி வேளைக்கு 5, 6 யூனிட் வரை போயும் பிடிபடவில்லை என்றால் திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ சென்னை வேப்பேரி கால்நடைக் கல்லூரி மருத்துவமனைக்கோ ஒரு கருத்துக்காகக் கொண்டு போங்கள். இன்சுலினை வேலை செய்யவிடாத வளர்ச்சி ஹார்மோன் மிகையாக இருக்கிறதா என்று பார்க்கும் ஐஜிஎஃப்-1 பரிசோதனை பற்றி அங்கே கேளுங்கள். சுகர் எழுதிய நோட்டு, இன்சுலின், சிரிஞ்சு மூன்றையும் கையோடு எடுத்துப் போங்கள். நீங்கள் இழுத்துப் போடும் விதத்தை அவர் கண்ணால் பார்ப்பது முக்கியம். தனியார் டாக்டர் என்றால் எம்விஎஸ்சி (கால்நடை மருத்துவ மேற்படிப்பு) கிளினிக்கல் மெடிசின் படித்தவரா என்று கேட்பதில் தவறில்லை, அறுவை சிகிச்சையில் பேர் வாங்கியவர் வேறு.

காதுநுனி:

ஒண்ணு விட்டுப்போச்சு. 60-க்குக் கீழே போனாலோ, தள்ளாடினாலோ, வெறிச்சுப் பார்த்தாலோ, விழுங்க முடிஞ்சா உடனே சாப்பாடு. முடியலைன்னா குளுக்கோஸ் கரைசலோ தேனோ ஈறுல தடவுங்க, வாய்க்குள்ள ஊத்தாதீங்க, புரை ஏறும். தடவிக்கிட்டே கிளம்பிடுங்க, அடுத்த ஊசியை டாக்டர் சொல்ற வரைக்கும் போடாதீங்க. சாப்பிடாத வேளைக்கு ஊசி முழுசா போடணுமா, பாதியா, வேண்டாமா? முதல் நாளே டாக்டர்கிட்ட இதை எழுதி வாங்கி ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டிடுங்க.