மின்கிட்டாரின் உடல் மரம் ஒலியை எந்த அளவுக்கு மாற்றுகிறது?

கேள்வி: ஆறாம்தந்தி

ஆல்டர் மர உடலும் மூன்று சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப்புகளும், அதாவது தந்தியின் அதிர்வை மின்சைகையாக்கும் பாகங்களும், கொண்ட ஒரு கிட்டாரை ஆறு ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். இரண்டாவதாக ஒன்று வாங்கலாம் என்று தேடத் தொடங்கியதிலிருந்து, எங்கு திரும்பினாலும் மரத்தைப் பற்றிய பேச்சாகவே இருக்கிறது. மஹோகனி என்றால் அடர்ந்த, இதமான ஒலி. மேப்பிள் என்றால் துலக்கமான ஒலி. பாஸ்வுட் என்றால் நடு அலைவரிசை தூக்கலாக இருக்கும் என்று விற்பனைக் குறிப்புகள் அனைத்தும் ஒரே பாட்டைப் பாடுகின்றன.

என் கிட்டாரையும் நண்பரின் மஹோகனி கிட்டாரையும் ஒரே ஆம்பில் (ஒலிபெருக்கியில்) மாற்றி மாற்றி வாசித்துப் பார்த்தேன். வேறுபாடு ஐயத்துக்கு இடமின்றிக் கேட்டது. அவருடையது கனமாகவும் என்னுடையது மெல்லிய கூர்மையோடும் ஒலித்தன. ஆம்பில் இணைக்காமல் மடியில் வைத்து மீட்டினாலும் இரண்டும் வெவ்வேறாகவே கேட்டன. ஆனால் பிக்கப் என்பது காந்தமும் கம்பிச்சுருளும்தான், அதற்கு மரத்தின் ஒலியைக் கேட்கும் காது கிடையாது என்றும் படித்திருக்கிறேன். அப்படியானால் நான் கேட்ட வேறுபாடு எங்கிருந்து வந்தது? மரத்தைப் பார்த்துப் பணத்தைச் செலவிடுவது பொருளுள்ள செயலா?

மறுமொழி 1: காந்தச்சுருள்

நீங்கள் கேட்ட வேறுபாடு உண்மையானது. ஆனால் அந்த ஒப்பீட்டில் மரத்தோடு சேர்ந்து இன்னும் ஐந்தாறு பொருள்கள் மாறியிருக்கின்றன. நண்பருடையது வழக்கமான மஹோகனி வகை என்றால் அதில் ஹம்பக்கர் (இரட்டைச் சுருள்) பிக்கப்புகள் இருந்திருக்கும். நட்டிலிருந்து (கழுத்தின் தலைப்பக்கத் தாங்கி) பிரிட்ஜ் (உடலின் மேலுள்ள தாங்கி) வரையிலான தந்தி நீளம் உங்களுடையதைப் போல 648 மில்லிமீட்டராக இல்லாமல் 628 அளவில் இருந்திருக்கும். ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் மின்தடையான வால்யூம் பாட் 250 கிலோ ஓமுக்குப் பதில் 500 கிலோ ஓமாக இருந்திருக்கும். பிரிட்ஜின் அமைப்பும், கழுத்து உடலோடு சேரும் விதமும் வேறு. இவை ஒவ்வொன்றும் காதுக்குத் தெரியும்படி ஒலியை மாற்றக்கூடியவை. இத்தனையும் மாறிய பிறகு பழியையோ புகழையோ மரத்தின் தலையில் மட்டும் ஏற்றுவது நியாயமாகாது.

பிக்கப் செய்வது இதுதான். அதன் காந்தப்புலத்துக்குள் எஃகுத் தந்தி அதிரும்போது, சுருளின் வழியே செல்லும் காந்தப்பாயம் மாறி, சுருளில் சிறு மின்னழுத்தம் பிறக்கிறது. சுருளின் தூண்டலும் கேபிளின் மின்தேக்குத்திறனும் சேர்ந்து, பெரும்பாலும் 2 முதல் 5 கிலோஹெர்ட்ஸுக்குள் ஓர் ஒத்ததிர்வு உச்சத்தை உண்டாக்குகின்றன. கூர்மை என்று நாம் உணர்வதில் பெரும்பகுதி அந்த உச்சம் எங்கே இருக்கிறது, எவ்வளவு உயரமாக இருக்கிறது என்பதைப் பொறுத்தது. மூன்று மீட்டர் கேபிளை எடுத்துவிட்டு ஒன்பது மீட்டர் கேபிளைச் செருகினாலே ஒலி மங்குவதைக் கேட்கலாம்.

மரம் இதற்குள் நுழைய ஒரே ஒரு முக்கிய வழிதான் உண்டு. தந்தியின் இரு முனைகளும் முற்றிலும் அசையாதவை அல்ல. பிரிட்ஜும் கழுத்தும் இம்மியளவு இடம் கொடுக்கும்போது, சில அலைவரிசைகளில் தந்தியின் ஆற்றல் கசிந்து மரத்துக்குள் போகிறது. அந்த அலைவரிசைகள் தந்தியில் விரைவாக அடங்குவதால், பிக்கப்புக்குக் கிடைப்பதும் குறைகிறது. திண்ம உடல் தந்தியோடு ஒப்பிட மிகவும் கனமானது என்பதால் பிரிட்ஜ் முனையில் இந்தக் கசிவு சிறிதே. மடியில் வைத்து மீட்டியபோது நீங்கள் கேட்டது இவ்வாறு கசிந்து காற்றுக்கு வந்த ஒலியை. ஆம்புக்குப் போவது கசியாமல் தந்தியிலேயே தங்கிய அதிர்வு. இணைக்காதபோது உரக்க ஒலிக்கும் கிட்டார் ஆம்பிலும் சிறப்பாக ஒலிக்கும் என்ற நம்பிக்கையை இதனால்தான் நான் ஏற்பதில்லை.

ஒரு முறை ஆஷ் உடல் ஒன்றிலிருந்து கழுத்து, பிக்கப், பிரிட்ஜ், மின்னிணைப்பு என அனைத்தையும் கழற்றி, அதே அளவில் துளையிட்ட பாஸ்வுட் உடலில் பொருத்தினேன். புதுத்தந்தி, ஒரே கேபிள், ஒரே ஆம்ப் நிலை. பிக்கப்பின் உயரத்தை மட்டும் அளவுகோல் வைத்துச் சரிபார்த்தேன். இரண்டு பதிவுகளையும் எது எதுவென்று சொல்லாமல் வாசிக்கத் தெரிந்த நால்வருக்குப் போட்டுக் காட்டியதில், ஒருவராலும் தொடர்ந்து சரியாகப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அதன்பிறகு பிக்கப்பை 2 மில்லிமீட்டர் இறக்கிப் பதிவுசெய்தேன். நால்வரும் உடனே கண்டுபிடித்துவிட்டார்கள்.

மறுமொழி 2: உளியும்தந்தியும்

கிட்டார் செய்வதே என் தொழில். மேலே சொன்னதில் பெரும்பாலானவற்றை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மரம் ஒரு பொருட்டே இல்லை என்ற முடிவுக்கு யாரும் தாவிவிடக் கூடாது.

முதலாவதாக, மரத்தின் பெயரைக் கொண்டு ஒலியைக் கணிப்பதுதான் தவறு. ஒரு கனமீட்டருக்குச் சராசரியாகப் பாஸ்வுட் 415 கிலோ, ஆல்டர் 450, மஹோகனி 590, கடின மேப்பிள் 705 கிலோ அளவில் எடையுள்ளவை. ஆனால் இவை சராசரிகள் மட்டுமே. ஒரே இன மரத்தின் இரண்டு பலகைகளைக் கையில் தூக்கினாலே வேறுபாடு தெரியும். லேசான மஹோகனிப் பலகை கனமான ஆல்டரைவிட எடை குறைந்திருப்பதை என் பட்டறையிலேயே பார்த்திருக்கிறேன். சதுப்பு ஆஷ் என்று தனி இனமே கிடையாது. ஈரமான தாழ்நிலத்தில் வளர்ந்த ஆஷ் மரத்தின் அடிப்பகுதியிலிருந்து கிடைக்கும் லேசான கட்டைக்கு வணிகத்தில் வைத்த பெயர் அது.

இரண்டாவதாக, இந்த மரங்கள் வழக்குக்கு வந்ததில் ஒலியைத் தவிர வேறு காரணங்களும் உண்டு. ஃபெண்டர் நிறுவனம் 1950-இல் ஆஷ் உடலோடு தொடங்கி, 1956 வாக்கில் தன் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகைக் கிட்டாரின் பெரும்பாலான நிறங்களுக்கு ஆல்டருக்கு மாறியது. ஆஷின் திறந்த துளைகளை நிரப்பி மெருகேற்ற வேலை அதிகம். ஆல்டர் அந்தத் தொல்லையைத் தருவதில்லை. 2020-இல் அதே நிறுவனம் ஆஷ் பயன்பாட்டைச் சில வகைகளுக்குள் சுருக்கிக்கொண்டதற்கு, அம்மரங்களை அழித்துவரும் மரகத நிற வண்டும் வெள்ளமுமே காரணங்கள்.

என்னைப் பொறுத்தவரை மரம் உண்மையாகவே பேசுவது கழுத்தில்தான். உடலைவிடக் கழுத்து மெல்லியது, நீண்டது, எளிதில் வளைவது. வாசிக்கும் சுரத்தின் அலைவரிசையும் கழுத்தின் இயல்பான அலைவரிசை ஒன்றும் நெருங்கி வரும் ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளில் ஒன்றில்), தந்தியின் ஆற்றலைக் கழுத்து விழுங்கிவிடும். சுரம் பிறந்த வேகத்தில் அடங்கும். இதைச் செத்த இடம் என்போம். பேஸ் கிட்டாரின் முதல் தந்தியில் ஐந்தாம், ஏழாம் ஃபிரெட்டுகளுக்கு இடையே இதை அடிக்கடி காணலாம். ஐயமிருந்தால், தலைப்பகுதியில் துணியை வைத்து ஒரு சிறு இரும்புக் கவ்வியை மாட்டிப் பாருங்கள். எடை கூடியதும் செத்த இடம் வேறு ஃபிரெட்டுக்கு நகர்ந்துவிடும்.

மறுமொழி 3: மேடையோரம்

மரமே இல்லாத கிட்டார்களையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். 1932-இல் விற்பனைக்கு வந்த ரிக்கன்பேக்கரின் ‘வறுசட்டி’ என்ற கிட்டார் வார்ப்பு அலுமினியத்தால் ஆனது. டேன்எலக்ட்ரோ கிட்டார்கள் மரச்சட்டத்தின் மேல் அழுத்திய நார்ப்பலகையை ஒட்டிச் செய்யப்பட்டவை. ஆம்பெக் நிறுவனம் 1969-இல் கண்ணாடி போன்ற அக்ரிலிக்கில் உடல் செய்தது. இவை எவையும் கிட்டாரல்லாத வேறெதையோ போல ஒலிக்கவில்லை.

இருந்தாலும் ஒரு வாசிப்பாளனாக, உடலின் அதிர்வு விலா எலும்பில் படுவதை நான் பொருட்படுத்துகிறேன். அது ஆம்பில் வராமல் போகலாம். ஆனால் என் கை எவ்வளவு அழுத்தமாக மீட்டுகிறது என்பதை அது மாற்றுகிறது. எடையும் அப்படியே. ஆல்டரில் 2 கிலோ வரும் உடல் அதே வடிவில் கடின மேப்பிளில் 3 கிலோவைத் தாண்டும், இரண்டு மணி நேரக் கச்சேரியின் முடிவில் தோள்பட்டைக்கு அந்த ஒரு கிலோ நன்றாகவே தெரியும்.

கேட்டவரின் பதில்: ஆறாம்தந்தி

அனைவருக்கும் நன்றி. நேற்றிரவு இரண்டு சோதனைகளைச் செய்து பார்த்தேன். என் கிட்டாரில் மூன்றாம் தந்தியின் பன்னிரண்டாம் ஃபிரெட் எப்போதும் சோர்ந்தே ஒலிக்கும். தந்தியின் குறை என்று நினைத்து எத்தனையோ முறை மாற்றியிருக்கிறேன். கவ்வியை மாட்டியதும் அந்தச் சுரம் நின்று ஒலித்தது, பதினொன்றாம் ஃபிரெட் சோர்ந்துவிட்டது. அடுத்து, பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப்பைத் திருகால் சிறிது இறக்கினேன். எனக்கு எரிச்சலூட்டிய கூர்மையில் பாதி அடங்கியது. ஹம்பக்கர் உள்ள ஒன்றைத்தான் தேடப்போகிறேன், உடல் எந்த மரமானாலும் எடை மூன்றரைக் கிலோவுக்குள் இருந்தால் போதும். ஒவ்வொரு ஃபிரெட்டையும் ஒவ்வொரு தந்தியிலும் அழுத்திக் கேட்காமல் மட்டும் வாங்க மாட்டேன்.