ஜெல்டா முதல் தடவை ஆடுகிறேன், குகை வரைபடம் ஒத்துவரவே இல்லை

தெற்குவாடி
பாம்பனில் இருந்து எழுதுகிறேன். ஏப்ரல் 15-இல் இருந்து 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கரையில் நிற்கிறது. பகலில் பெயிண்ட் அடிப்பது, வலை சரிபார்ப்பது என்று ஓடிவிடும், சாயங்காலம் சும்மாதான். சிங்கப்பூரில் இருந்து வந்த மச்சான் ஒரு பழைய நிண்டெண்டோ வீடியோ கேம் பெட்டியும் லெஜண்ட் ஆஃப் ஜெல்டா கேசட்டும் கொடுத்துவிட்டுப் போனான். சின்ன வயதில் 9999 கேம் கேசட்டில் காண்ட்ராவும் மரியோவும் ஆடியதோடு சரி (அந்த 9999-இல் இருபது தேறினால் பெரிசு, மிச்சமெல்லாம் அதே ஆட்டம் வேறு பெயரில்).

முதல் குகையில் கிழவரிடம் வாள் வாங்கிவிட்டேன். அதற்குப் பிறகு எங்கே போக வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை, அது கூடப் பிடித்திருக்கிறது. பிரச்சினை என்னவென்றால், இணையத்தில் பார்த்த வழிகாட்டியில் முதல் பாதாளக் குகையின் வரைபடம் கழுகு மாதிரி இருக்கிறது, எனக்கு ஆங்கில ஈ எழுத்து மாதிரி வருகிறது. அறைகளும் வேறு. சிவப்பாக ஒரு மண்டையோடு சுற்றிக்கொண்டே இருக்கிறது, அது மேலே பட்டதும் வாளை வீச முடியவில்லை. கேசட் போலியா?

கீழக்கரை காக்கா
தம்பி, பதறாதே. மண்டையோடு பட்டால் கொஞ்ச நேரம்தான் வாள் வராது, பொறுத்தால் தானாகச் சரியாகும். வழி தவறி வேறு குகைக்குள் போயிருப்பாய். கட்டம் போட்ட நோட்டு ஒன்று வாங்கு. வெளி உலகம் குறுக்கே 16, நெடுக்கே 8, மொத்தம் 128 திரை, ஒரு திரைக்கு ஒரு கட்டம். கடை, குகை, பாறை எல்லாம் குறித்துக்கொள். நீங்கள் மீன் கிடைத்த இடத்தை ஜிபிஎஸ்ஸில் குறிப்பீர்களே, அதே வேலைதான். நீல மெழுகுவத்தி 60 ரூபி (ஆட்டத்துக் காசு), அதை முதலில் வாங்கு, புதரைக் கொளுத்தினால் சில இடங்களில் படிக்கட்டு தெரியும். ஆனால் ஒரு திரையில் ஒரு தடவைதான் எரியும், வெளியே போய்த் திரும்பி வந்தால்தான் அடுத்தது. அலுப்பாகத்தான் இருக்கும்.

தெற்குவாடி
காக்கா, அரை மணி நேரம் பொறுத்துவிட்டேன், வாள் வரவே இல்லை.

மண்டபம் முகாம்
ஆட்டம் தொடங்கும்போது என்ன பெயர் கொடுத்தீர்கள்?

தெற்குவாடி
ஜெல்டா என்றுதான். நாயகன் பெயர் அதுதானே?

மண்டபம் முகாம்
நினைத்தேன்! அவன் பெயர் லிங்க், ஜெல்டா அவன் காப்பாற்ற வேண்டிய இளவரசி. இந்த ஆட்டத்தில் ஒன்பது குகையையும் முடித்து இளவரசியை மீட்டால் இரண்டாம் ஆட்டம் என்று ஒன்று திறக்கும், குகைகள் எல்லாம் மாறி, கடினமாக இருக்கும். ஆனால் பெயரை ஜெல்டா என்று கொடுத்தால் நேரே அதற்குள் கொண்டுபோய் விட்டுவிடும். சேமித்த ஆட்டத்தின் கோப்பைத் தேர்ந்தெடுக்கிற திரையில் உங்கள் ஆள் பக்கத்தில் ஒரு வாள் தெரிகிறதா பாருங்கள், தெரிந்தால் அதேதான். சிவப்பு மண்டையோடு பட்டால் நீல மண்டையோட்டைத் தேடிப் போய்த் தொடுங்கள், வாள் திரும்பும். சில சுவர்களுக்குள் தள்ளிக்கொண்டு நடந்தே போகலாம், அது முதல் ஆட்டத்தில் கிடையாது.

கீழக்கரை காக்கா
அடடா, எனக்கு அது தோன்றவே இல்லை. தம்பி, கேசட் அசல்தான், கவலைப்படாதே. அப்புறம் ஒன்று. 1986-இல் ஜப்பானில் இது டிஸ்க்கில் வந்தது, அடுத்த வருஷம் அமெரிக்காவுக்குக் கேசட்டாகப் போனபோது சேமிப்புக்காக உள்ளே ஒரு பேட்டரி வைத்தார்கள். அதனால் அணைக்கும்போது ரீசெட்டை அமுக்கிப் பிடித்தபடியே அணை, இல்லையென்றால் சேமித்தது போய்விடலாம். ஆட்டத்தில் ஆள் சாகாமலே சேமிக்க, ஸ்டார்ட் அமுக்கிவிட்டு இரண்டாவது கண்ட்ரோலரில் மேல் பொத்தானையும் ஏ பொத்தானையும் சேர்த்து அமுக்கு. கேசட்டை வாயால் ஊதாதே. நம்ம ஊர் உப்புக்காற்றில் ஏற்கெனவே பித்தளைக் குத்துவிளக்கே பச்சை பிடிக்கிறது, எச்சிலும் சேர்ந்தால் கேசட் அடியில் இருக்கிற செம்புப் பட்டை என்ன ஆகும்? ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைக் காது குடையும் பஞ்சில் தொட்டுத் துடை. என்னுடையதில் முதல் தடவை துடைத்தபோது பஞ்சு கரியாக வந்தது.

மண்டபம் முகாம்
என்னைக் கேட்டால் புதிதாகத் தொடங்குங்கள். மூன்று கோப்பு வைக்கலாம், பழையதை அழிக்க வேண்டாம்.

தெற்குவாடி
பார்த்தேன், வாளோடுதான் நிற்கிறான். மூன்று நாள் பட்ட பாடு ஒரு பெயரால். நேற்று அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, கோபுரமும் கலங்கரை விளக்கும் இல்லாத கடலில் இவன் எப்படிக் கரை திரும்புவான் என்று கேட்டார். கட்ட நோட்டு வாங்கிவிட்டேன். புதுக் கோப்புக்கு ராமேஸ்வரம் என்று ஆங்கிலத்தில் போடப் பார்த்தேன், எட்டு எழுத்துக்கு மேல் ஏறவில்லை. பாம்பன் என்று போட்டுத் தொடங்கிவிட்டேன். கழுகு வந்துவிட்டது காக்கா.