மறு: 'பல்க் இம்போர்ட்', 'ரீசைஸ்' – கடை மென்பொருளுக்குக் கலைச்சொல்

அண்ணாச்சிக்கும் குழுவில் உள்ள மற்றவர்களுக்கும் வணக்கம். இணையக் கடை மென்பொருளைத் தமிழாக்கும்போது 'பல்க் இம்போர்ட்' (பல பொருளை ஒரே தடவையில் கடையில் ஏற்றுவது), 'ரீசைஸ்' (படத்தின் அளவை மாற்றுவது) ஆகியவற்றுக்கு என்ன சொல் போடலாம் என்ற பேச்சுக்கு இது என் பதில். மேற்கோளில் இருப்பவை அண்ணாச்சி எழுதிய வரிகள்.

> 'இம்போர்ட்' என்றால் இறக்குமதி. எல்லா மென்பொருளிலும் அப்படித்தான் இருக்கு, அதையே போட்டுவிடலாம்.

மற்ற மென்பொருளில் இருந்துவிட்டுப் போகட்டும் அண்ணாச்சி, கடை மென்பொருளில் மட்டும் வேண்டாம். 'பொருட்களை இறக்குமதி செய்' என்று பட்டியில் (மெனுவில்) எழுதினால், தூத்துக்குடித் துறைமுகத்தைப் பக்கத்தில் வைத்திருக்கிற நம்ம ஆட்களுக்குக் கன்டெய்னரும் சுங்க வரியும்தான் ஞாபகத்துக்கு வரும். பத்தமடைப் பாய் விற்கிறவர் எதை இறக்குமதி செய்யப் போகிறார்? 'மொத்த இறக்குமதி' என்று போட்டால் இன்னும் மோசம், மொத்த வியாபாரம் என்றே படிப்பார்கள்.

உண்மையில் அவர் கையில் இருப்பது ஒரு சிஎஸ்வி கோப்பு, அதாவது காற்புள்ளியால் பிரித்து எழுதிய அட்டவணை. வரிக்கு ஒரு பாய், அதன் பெயர், விலை, படம் இருக்கிற இணைய முகவரி, அவ்வளவுதான். வூகாமர்ஸ் என்ற இணையக் கடை மென்பொருளில் ஒரு பாய்க்கு நாலு படம் என்றால் நாலு முகவரியையும் காற்புள்ளி போட்டு ஒரே கட்டத்தில் எழுதுகிறோம், முதலில் நிற்பது முகப்புப் படம் ஆகிவிடுகிறது. அதற்கப்புறம் வழங்கி (கடைத்தளம் ஓடுகிற சர்வர்) தானாகவே அந்த முகவரிகளுக்குப் போய்ப் படங்களை எடுத்து வருகிறது. படத்தை அவர் அனுப்பவே இல்லை, அதனால் 'பதிவேற்றம்' என்பதும் பொருந்தாது. 'உள்வாங்கல்' என்று ஒருவர் எழுதியிருந்தார். நல்ல சொல்தான், ஆனால் திருச்செந்தூர்ப் பக்கம் 'கடல் உள்வாங்கியது' என்றால் தண்ணீர் பின்னால் போய்விட்டது என்று அர்த்தம். பட்டியலைக் கொடுத்தால் சரக்கு கடையில் ஏறுகிறது, ஆகவே 'பட்டியலேற்றம்' என்கிறேன். பட்டியல் என்றாலே பல பொருள் என்பது தெரிந்துவிடுகிறது, 'பல்க்' என்பதற்குத் தனியாக ஒரு சொல் தேட வேண்டாம்.

> 'பேட்ச்' – தொகுதி?

அம்பாசமுத்திரம் தொகுதி மாதிரி இருக்கிறது. வூகாமர்ஸ் ஆயிரம் வரியையும் ஒரே மூச்சில் எடுப்பதில்லை, இயல்பாக 30 வரியாகத்தான் எடுத்து முடிக்கும், பிறகு அடுத்த 30. இதற்கு நம்மிடம் அடுக்களையிலேயே சொல் இருக்கிறது: ஒரு ஈடு இட்லி, ரெண்டாவது ஈடு இட்லி. '3ஆம் ஈடு ஓடிக்கொண்டிருக்கிறது' என்று திரையில் வந்தால் எங்க ஆச்சிக்குக்கூடப் புரியும். இழப்பீடு, ஈடுகட்டல் என்று வேறு பொருளும் உண்டுதான், ஆனால் எண்ணோடு சேர்ந்து வரும்போது குழப்பம் வராது.

> 'ரீசைஸ்' – படத்தைச் சுருக்கு.

இதில்தான் எனக்குப் பெரிய மறுப்பு. 'சுருக்கு' என்பதை 'கம்ப்ரெஸ்' ஏற்கெனவே எடுத்துக்கொண்டது. ரெண்டும் ஒன்று என்று நினைத்துத்தான் பாதிப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். கைபேசியில் எடுத்த 4000க்கு 3000 படம் கோப்பாக 4 எம்பி இருக்கலாம், அதை இன்னும் சுருக்கி 1 எம்பி ஆக்கலாம், ஆனால் படப்புள்ளி (பிக்சல்) அதே 1.2 கோடிதான். வழங்கி அதை நினைவகத்தில் விரிக்கும்போது புள்ளிக்கு 3 பைட் என்று வைத்தாலும் 36 எம்பி ஆகிறது. மலிவான வழங்கியில் பட்டியலேற்றம் பாதியில் நிற்க இது ஒரு முக்கியக் காரணம். கோப்பு சின்னதாகத்தானே இருக்கிறது என்று கடைக்காரர் முழிப்பார். வூகாமர்ஸ் எதன் மேல் ஓடுகிறதோ அந்த வேர்ட்பிரஸ், 2019இல் வந்த 5.3 பதிப்பிலிருந்து, அகலமோ உயரமோ 2560 புள்ளிக்கு மேலே போகிற படத்துக்குச் சிறிய படி ஒன்று எடுத்து அதைத்தான் பயன்படுத்துகிறது. ஆனால் அந்தப் படியை எடுக்கவும் பெரிய படத்தை ஒருமுறை விரித்தே ஆக வேண்டும். பட்டியலேற்றத்துக்கு முன்பே அளவைக் குறைத்து வைப்பதுதான் நல்லது.

அப்புறம், 'ரீசைஸ்' என்ற ஒரே பெயரில் மென்பொருள் மூன்று விதமான வேலையைப் பார்க்கிறது. பத்தமடைக் கல்யாணப் பாயையே எடுத்துக்கொள்ளுங்கள், நீளமான பாய், மாப்பிள்ளை பெண் பெயரை அதிலேயே நெய்திருப்பார்கள். வூகாமர்ஸ் இயல்பாகக் கடைப் பக்கத்துக்குச் சதுரமாக நடுப்பகுதியை எடுக்கும், ஓரத்தில் பெயர் இருந்தால் போச்சு. ஓபன்கார்ட் என்ற இன்னொரு கடை மென்பொருள் அப்படிச் செய்யாது, முழுப் பாயையும் சிறிதாக்கி மேலும் கீழும் வெள்ளையை நிரப்பிச் சதுரமாக்கும். பாய் தப்பிக்கும், ஆனால் பட்டியலில் ஒல்லிக்குச்சியாகத் தெரியும். மூன்றாவது, சதுரமே வேண்டாம், விகிதம் மாறாமல் சிறிதாக்கினால் போதும் என்பது. காருகுறிச்சிப் பானைக்கு எதைச் செய்தாலும் பெரிய நஷ்டம் இல்லை, பாய்க்கு அப்படி இல்லை. இந்த மூன்றையும் 'அளவு மாற்று' என்று ஒரே பொத்தானில் அடைத்தால் கடைக்காரர் எதைத் தேர்ந்தெடுப்பார்?

என் பரிந்துரை இது. பொதுப்பெயர் 'அளவாக்கம்'. விகிதம் மாறாமல் குறைப்பது 'சிறிதாக்கல்'. 'கிராப்' என்பதற்கு 'நறுக்கல்', ஏனென்றால் 'வெட்டு' ஏற்கெனவே வெட்டி ஒட்டுவதற்குப் போய்விட்டது. வெள்ளை நிரப்புவதற்குக் 'கரையிடல்', வேட்டிக் கரையை நினைத்துச் சொன்னேன், இதைவிட நல்லது கிடைத்தால் மாற்றலாம். 'தம்ப்நெயில்' பழையபடி 'சிறுபடம்' ஆகவே இருக்கட்டும். யாரும் 'குறும்படம்' என்று மட்டும் போடாதீர்கள், சினிமாவாகிவிடும்.

இன்னொன்று. உதவிப் பக்கத்தில், படங்களை மொத்தமாகச் சிறிதாக்க, இமேஜ்மேஜிக் என்ற பட மென்பொருளின் 'மோக்ரிஃபை' கட்டளையைக் காட்டியிருக்கிறோம். இயல்பாக அது மூலப்படத்தின் மேலேயே எழுதிவிடும். அந்தப் பத்தியில் 'மூலப்படத்தை முதலில் வேறு கோப்புறைக்குப் படியெடுக்கவும்' என்ற வரியைச் சேர்க்க வேண்டும், கலைச்சொல்லைவிட இது அவசரம்.

---

அண்ணாச்சியின் பதில்:

தம்பி, இறக்குமதி வேண்டாம் என்பதை ஒத்துக்கொள்கிறேன், துறைமுகக் கதை சரிதான். ஈடு அருமை, அப்படியே போடுங்க.

> பொதுப்பெயர் 'அளவாக்கம்'

இது வேண்டாம். 'அளவாக்க அமைப்புகள்' என்று வந்தால் நாக்கு சுளுக்கும். மூன்றுக்கும் தனிச்சொல் வந்த பிறகு பொதுப்பெயருக்கு 'பட அளவு' போதும், அதைத் தொட்டால் கீழே சிறிதாக்கு, நறுக்கு, கரையிடு என்று மூன்று வரட்டும். பொத்தானில் வினையாகவே இருக்கட்டும்.

கரையிடலில் எனக்கு ஒரு சந்தேகம். சுற்றிக் கோடு போடுகிற 'பார்டர்' வசதியும் அதே பக்கத்தில் இருக்கிறதே, அதையும் கரை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். 'வெள்ளை நிரப்பு' என்று நேராகவே போட்டால் என்ன? நிறத்தை மாற்றுகிற வசதி நம் மென்பொருளில் இல்லை, அதனால் பொய்யும் ஆகாது.

பட்டியலேற்றம் கைபேசித் திரையில் ரெண்டு வரியாக உடைகிறது, இப்போதுதான் போட்டுப் பார்த்தேன். தலைப்பில் முழுச்சொல், பொத்தானில் 'ஏற்று' என்று வைத்து மொழிபெயர்ப்புக் கோப்பை அனுப்புகிறேன். மோக்ரிஃபை வரியை நீங்களே இன்று ராத்திரி சேர்த்துவிடுங்க.