கார் டிக்கியில் ஒட்டியுள்ள எழுத்துகளை எடுக்க உதவி வேண்டும்

எல்லோருக்கும் வணக்கம். என் வண்டி 2014 ஸ்விஃப்ட், சிவப்பு நிறம். டிக்கியில் உள்ள 'விடிஐ' எழுத்துகளையும் கம்பெனி சின்னத்தையும் வீட்டிலேயே எடுக்க ஆசை. கழுவித் துடைக்கும்போது துணி அவற்றில்தான் மாட்டுகிறது. அதோடு, வெறும் டிக்கிதான் எனக்கு அழகு.

நேற்று 'ஐ' எழுத்தை மட்டும் எடுத்தேன். ஹேர் டிரையரில் இரண்டு நிமிடம் சூடு காட்டி, பின்னால் தூண்டில் நரம்பை விட்டு ரம்பம் போல இழுத்தேன். எழுத்து சுலபமாக வந்துவிட்டது. ஆனால் டபுள் சைடு டேப்பின் கறுப்புப் பஞ்சு அப்படியே நிற்கிறது. கட்டைவிரலால் உருட்டினால் துளித்துளியாகத்தான் வருகிறது. அது போன இடத்தில் பெயின்ட் புதுசு போல அடர்சிவப்பு. சுற்றிலும் வெயிலில் வெளுத்திருக்கிறது.

மிச்சப் பசைக்கு மண்ணெண்ணெய் போடலாமா, பெயின்ட் மேலுள்ள கிளியர் கோட் பூச்சு கெடுமா? தின்னர் வேண்டாம் என்று பெயின்டர் சொன்னார். அந்த அடர்சிவப்பு எழுத்துத் தடம் ரப்பிங் காம்பவுண்டில் (பெயின்டைத் தேய்த்து மெருகேற்றும் களிம்பு) போகுமா, நாளாவட்டத்தில் தானாகச் சமமாகுமா?

அப்புறம் முக்கியமான சந்தேகம்: நடுவில் உள்ள சின்னத்துக்குப் பின்னால் முளையும் துளையும் இருக்குமா? துளை இருந்தால் அதைத் தொடவே மாட்டேன், மழைத்தண்ணீர் இறங்கித் துருப்பிடிக்கும். இதே வண்டியில் கழற்றிப் பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள், படம் இருந்தால் இன்னும் நல்லது. ஞாயிற்றுக்கிழமை மீதியை முடிக்க நினைக்கிறேன்.