எஃப்.டி.ஏ. ஒப்புதல் இருந்தால் வழக்கே போடக் கூடாதா?

கதிர்_வாதம்:
அமெரிக்காவில் ஒரு மருத்துவக் கருவி நோயாளியின் உடலுக்குள் பழுதாகி அவரை முடமாக்கினாலும், அது அந்நாட்டு உணவு, மருந்து ஒழுங்குமுறைத் துறையான எஃப்.டி.ஏ.வின் முழுச் சந்தை முன் ஒப்புதல், அதாவது பி.எம்.ஏ., பெற்ற கருவி என்றால் மாநிலச் சட்டப்படி நட்டஈடு வாங்குவது மிகக் கடினம். 2008-இல் ரீகல் எதிர் மெட்ரானிக் வழக்கில் உச்ச நீதிமன்றம் 8-1 என்று அப்படித் தீர்ப்பளித்துவிட்டது. ஒப்புதல் தந்த துறை நட்டஈடு தராது, தயாரித்த நிறுவனமும் தர வேண்டாம் என்றால் பாதிக்கப்பட்டவர் எங்கே போவார்? அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டம் இயற்றி இந்தத் தடையை நீக்க வேண்டும் என்பது என் வாதம்.

எழில்_மருந்தியல்:
ரீகல் வழக்கை முழுதாகச் சொல்லுங்கள். அதில் பழுதானது அடைத்த ரத்தக்குழாயை விரிக்கும் பலூன் கதீட்டர். அதை 8 வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் ஊதக் கூடாது என்று லேபிளில் இருந்தது. மருத்துவர் 10 வரை ஊதினார், பலூன் வெடித்தது. சுண்ணம் படிந்த ரத்தக்குழாயில் பயன்படுத்தக் கூடாது என்றும் எழுதியிருந்தது.

பி.எம்.ஏ. விண்ணப்பம் ஒன்றை எஃப்.டி.ஏ. சராசரியாக 1,200 மணி நேரம் ஆராய்கிறது. அதே கருவியை ஆறு நாள் விசாரணையில் 12 ஜூரர்கள் எடைபோடுவது நோயாளிக்கு நல்லதா? பெண்டெக்டின் என்ன ஆனது? கர்ப்பகால வாந்திக்கான மருந்து அது. பிறவிக் குறை உண்டாக்குகிறது என்று வழக்குமேல் வழக்கு. ஆய்வுகள் அதை உறுதி செய்யவில்லை. ஆனாலும் 1983-இல் நிறுவனம் அதைச் சந்தையிலிருந்து எடுத்தது. அதே இரண்டு மருந்துப் பொருள்களின் கலவை மீண்டும் ஒப்புதல் பெற 2013 ஆயிற்று. நடுவில் 30 ஆண்டுகள் கர்ப்பிணிகள் அந்த மருந்தில்லாமல் இருந்தார்கள்.

கதிர்_வாதம்:
பெண்டெக்டினில் நீங்கள் சொல்வது சரி, மறுக்கவில்லை. ஆனால் 1993-இல் டாபர்ட் தீர்ப்பு வந்ததும் அதே பெண்டெக்டின் வழக்கில்தான். நிபுணர் சாட்சியம் அறிவியல் முறைப்படி தேறுகிறதா என்று நீதிபதியே முதலில் சலித்துப் பார்க்க வேண்டும் என்பது அன்றிலிருந்து கூட்டாட்சி நீதிமன்றங்களில் விதி. ஓட்டையை நீதிமன்றமே அடைத்தது.

இப்போது வயாக்ஸ் என்ற வலிநிவாரணி மாத்திரையை எடுங்கள். 2000-இல் வெளியான, அந்த மருந்தைப் பற்றிய விகோர் ஆய்வுக் கட்டுரையில் 3 மாரடைப்புகள் விடுபட்டிருந்தன. கட்டுரை ஆசிரியர்களில் குறைந்தது இருவருக்கு அது முன்பே தெரியும் என்பதை வழக்கில் கைப்பற்றிய உள் குறிப்பாணை காட்டியது. 2005 டிசம்பரில் கட்டுரையை வெளியிட்ட மருத்துவ இதழே அதன் நம்பகத்தன்மை பற்றிக் கவலைக் குறிப்பு வெளியிட்டது. வழக்கு இல்லாமல் அந்தத் தாள் வெளியே வந்திருக்குமா?

எழில்_மருந்தியல்:
அந்த 3 மாரடைப்புகளையும் எஃப்.டி.ஏ.வுக்கு 2000-லேயே தெரிவித்துவிட்டார்கள். ஒழுங்குமுறை அமைப்பிடம் மறைக்கவில்லை.

கதிர்_வாதம்:
அது என் வாதத்துக்குத்தான் வலு. தெரிந்திருந்தும் லேபிளில் இதய ஆபத்து ஏறியது 2002 ஏப்ரலில். மருந்து சந்தையிலிருந்து போனது 2004 செப்டம்பர் 30. இடைப்பட்ட காலத்தில் அதை எழுதிக்கொடுத்த மருத்துவர்கள் படித்தது கட்டுரையை, எஃப்.டி.ஏ. கோப்பை அல்ல.

மாலதி_ஆவணம்:
இருவரும் ஒரு வேறுபாட்டைத் தாண்டிப் போகிறீர்கள். பெரும்பாலான கருவிகள் பி.எம்.ஏ. வழியில் வருவதே இல்லை. 510(கே) வழியில், 'ஏற்கெனவே சந்தையில் உள்ளதைப் போன்றதே' என்று காட்டினால் போதும். 1996 லோர் வழக்கில் நீதிமன்றம் சொன்ன கணக்கு: பி.எம்.ஏ.வுக்கு 1,200 மணி, இதற்கு 20 மணி. அதனால்தான் இந்தக் கருவிகள்மீது வழக்கு செல்லும்.

டிபூய் நிறுவனத்தின் ஏ.எஸ்.ஆர். என்ற செயற்கை இடுப்பு மூட்டு அப்படி வந்ததுதான். கிண்ணம் அரைக்கோளத்தைவிட ஆழம் குறைவு. அதனால் பாரம் விளிம்பில் விழுந்து, கோபால்ட்-குரோமியத் துகள் உதிர்ந்து, சுற்றுத் திசுவைக் கெடுத்தது. 5 ஆண்டுக்குள் மறு அறுவை தேவைப்பட்டோர் 12 முதல் 13 விழுக்காடு. 2010-இல் திரும்பப் பெற்றார்கள்.

பாதிக்கப்பட்டவர் யார் பக்கம் சரி என்று காத்திருக்கக் கூடாது, வழக்குப் போடுவதற்கான காலவரம்பு ஓடிக்கொண்டிருக்கும். பல மாநிலங்களில் 2 அல்லது 3 ஆண்டு, டென்னசியில் 1 ஆண்டுதான். கருவியை எடுக்கும் அறுவைக்கு முன்பே, அதை அழிக்கக் கூடாது என்று மருத்துவமனைக்கு எழுத்தில் கொடுங்கள். நோய்க்குறியியல் பிரிவு வழக்கமாக எறிந்துவிடும், எறிந்தால் முதன்மைச் சான்று போயிற்று. 'ஆராய்ந்து தருகிறோம்' என்று நிறுவனம் கேட்டாலும் வழக்கறிஞரைக் கேட்காமல் அனுப்ப வேண்டாம். அறுவைப் பதிவில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் மாடல் எண்ணும் லாட் (தயாரிப்புத் தொகுதி) எண்ணும் இருக்கும், அந்தப் பக்கத்தின் நகல் கட்டாயம்.

பி.எம்.ஏ. கருவியிலும் ஒரு வழி உண்டு. ஒப்புதல் நிபந்தனையையே நிறுவனம் மீறியது என்று காட்டினால், உதாரணமாக அந்த லாட் விவரக்குறிப்புக்கு மாறாகத் தயாரானது என்றால், வழக்கு உயிரோடு இருக்கும்.

எழில்_மருந்தியல்:
இதில் எனக்கு மறுப்பில்லை. என் பயம் வேறு. வழக்கறிஞர் விளம்பரம் பார்த்து, ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரையைத் திடீரென நிறுத்திப் பக்கவாதம் வந்தவர்கள் எஃப்.டி.ஏ. பதிவுகளில் இருக்கிறார்கள். தடுப்பூசிக்கு 1986 சட்டப்படி தவறு நிரூபிக்கத் தேவையில்லாத நிதி இருக்கிறது, ஒரு டோஸில் நோய் ஒன்றுக்கு 75 சென்ட் வரி. கருவிகளுக்கும் அப்படி ஒன்று வைத்தால் காயப்பட்டவருக்குப் பணம் சீக்கிரம் போகும். வழக்கறிஞருக்கு மூன்றில் ஒரு பங்கும் போகாது.

கதிர்_வாதம்:
பணம் போகும், ஆவணம் வெளியே வராது. நிதிக்கு நிறுவனத்தின் கோப்பைக் கேட்டு வாங்கும் அதிகாரமும் தந்தால் பேசலாம்.

மாலதி_ஆவணம்:
மாத்திரைகளில் இதைவிட அவசரமான ஓட்டை இருக்கிறது. 2009 வயத் எதிர் லெவின் தீர்ப்புப்படி, எச்சரிக்கை போதவில்லை என்று மருந்தை முதலில் கொண்டுவந்த பிராண்டு நிறுவனத்தின் மேல் வழக்குப் போடலாம். 2011 மென்சிங் தீர்ப்புப்படி, அதே மருந்தின் நகலைத் தயாரிக்கும் ஜெனரிக் நிறுவனத்தின் மேல் அதே வழக்கு செல்லாது, ஏனென்றால் அதன் லேபிள் பிராண்டினுடையதை அப்படியே ஒத்திருக்க வேண்டும், தானாகத் திருத்த முடியாது. மென்சிங்கில் மருந்து மெட்டோகுளோபிரமைடு, பாதிப்பு அடங்காத முகத்தசை அசைவு. மருந்துக்கடையில் கைக்கு வந்த டப்பா எது என்பதே தீர்ப்பு. ஆகவே டப்பாவை எறியாதீர்கள், தயாரிப்பாளர் பெயரோடு கடையின் விநியோகப் பட்டியலையும் வாங்கி வையுங்கள்.

எழில்_மருந்தியல்:
மென்சிங் விஷயத்தில் நான் உங்கள் பக்கம். ஒரே மாத்திரைக்கு இரண்டு நீதி இருக்கக் கூடாது. ஜெனரிக் நிறுவனங்களும் எச்சரிக்கையைத் தாமே திருத்தலாம் என்று 2013-இல் எஃப்.டி.ஏ. வரைவு விதி வெளியிட்டது. 2018 டிசம்பரில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.